துடைத்து வைத்த இலை

ஆற்றங்கரையில் ஒரு மடம். அங்கே குழம்பு கொதித்தால் ஆற்று முதலை கரையேறி வந்து பந்தியில் உட்காருமாம். பொய்யென்று தள்ளவும் முடியாது. முதலைக்கு இலை போட்டவர் பெயரைக்கூட அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

பந்தி பரிமாறியவர் சாத்தப்பர். வயது அறுபது. ஒரு காலத்தில் ஊர் மணியக்காரர். பிறகு மனம் மாறி, தன்னைவிட வெகு இளையவரான தம்பிரானைக் குருவாகக் கொண்டு மடத்தில் சேர்ந்தார். வீடு வாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தார். மணியக்காரக் கண்ணை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டார்.

“நடையைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன்” என்பார்.

தம்பிரான் சிரித்துக்கொள்வார்.

மடத்தில் ஒரு விதி உண்டு. காலி இலையைக் கண்டால் பரிமாறுகிறவர் போடாமல் நகரக்கூடாது. போதுமென்றால் உண்பவர் இலைமேல் கையை விரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேற்கே மலைக்குள்ளிருந்து சடையன் என்றொருவர் வந்தார். அவர் கையை விரிக்கவே இல்லை. போட்டதையெல்லாம் துடைத்து உண்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி போட்டால் மறுபடி துடைத்தார். முதல் நாள் சாத்தப்பருக்குச் சந்தோஷம். மூன்றாம் நாள் எரிச்சல். அப்புறம் ஆத்திரம் வந்து, கரண்டியை எறிந்துவிட்டுச் சோற்றுக் கூடையையே இலையில் சாய்த்தார். அதுவும் உள்ளே போயிற்று.

சாத்தப்பர் குருவிடம் வந்தார்.

“சுவாமி, அந்த மலைக்காரரை அனுப்பிவிட வேண்டும்.”

“ஏன்?”

“சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று உட்கார்ந்துவிட்டார். குருபூசைக்கு வைத்த அரிசியில் கை வைக்கும்படி ஆகிவிட்டது.”

“போக மாட்டேன் என்று சொன்னாரா?”

“அவர் வேறு சொல்ல வேண்டுமா? இலையே சொல்கிறதே.”

“இலை பேசுகிறதா? என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லையே, மணியக்காரரே.”

சாத்தப்பர் முகம் சுண்டியது. “விளையாட்டில்லை சுவாமி. இன்று அவர் போகாவிட்டால் நானே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவேன்.”

“சரி, போகட்டும். ஆனால் இன்று நான் பரிமாறுகிறேன். நீர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்.”

சாத்தப்பர் உட்கார்ந்தார். பந்தியில் உட்கார்ந்தே வெகுகாலம் ஆகியிருந்தது. நின்று பரிமாறுகிறவருக்கு இலை தெரியும், கை தெரியும், உச்சந்தலை தெரியும்.

இரண்டாம் முறை தம்பிரான் வந்தபோது சாத்தப்பர் இலைமேல் கையை விரித்தார். தம்பிரான் எங்கோ பார்த்தபடி அந்தக் கையின்மேலேயே சோற்றை வைத்துவிட்டு நகர்ந்தார். சுடச்சுடச் சோறு. விரலை உதறிக்கொண்டு, யாராவது சிரிக்கிறார்களா என்று பக்கத்தில் பார்த்தார் சாத்தப்பர்.

சடையன் சிரிக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. அரைஞாணைத் தளர்த்திவிட்டிருந்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் உதடு என்னவோ முணுமுணுத்தது.

“என்ன ஐயா முணுமுணுக்கிறீர்?”

“எங்க மலைச்சாமிகிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன். இந்த உருண்டையும் எப்படியாச்சும் உள்ள போயிரணும்னு.”

“பசியில்லையா உமக்கு?”

“பசியா? அது மொத நாளே போயிருச்சுங்க.”

“போதும் என்று சொல்வதற்கென்ன?”

சடையன் பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். “சோறு போடுற இடத்துல அந்தச் சொல்லைச் சொல்லலாமா? அவங்க பானை வறண்டு போயிருமே. எங்க பக்கத்துல, போட்டதைத் துடைச்சுத் தின்னுட்டுக் குனிஞ்சு உக்காந்திருப்போம். போட்டவரு பாத்துப் புரிஞ்சுக்கிட்டுக் கைக்குத் தண்ணி ஊத்துவாரு. அதுதான் விடை. அப்புறந்தான் ஊருக்குக் கெளம்பலாம்.”

சாத்தப்பர் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார்.

“இங்க தண்ணி வருமுன்னு பாத்தா சோறுதான் வருது. பந்தி முடிஞ்சா எல்லாரும் ஆத்துல கழுவிக்கிறாங்க, நானும் கழுவிக்கிறேன். ஆனா விடை கெடைக்கலியே. நாளன்னிக்குப் பௌர்ணமி. மகளுக்குக் கல்யாணம். மூணு மலை தாண்டிப் போகணும். புள்ள வழியையே பாத்துக்கிட்டிருக்கும்.” சடையன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தெனமும் போடுற பெரியவரு நல்ல மனுசன். மொகத்தை நிமிந்து பாத்ததில்லை, காலைத்தான் பாத்திருக்கேன். பெருவிரல்ல நகம் இல்லை. கூடையோட கொட்டுறாருங்க, அவ்வளவு பிரியம் எம்மேல. அனுப்ப மனசு வரல்லபோல. நீங்க அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

சாத்தப்பர் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

பந்தி நடுவில் எழக்கூடாது. எழுந்தார். எச்சில் கை அப்படியே இருக்க, இடக்கையால் செம்பை எடுத்து வந்து சடையன் கைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

சடையன் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு புறப்பட்டார். அவர் ஓடிய ஓட்டத்தில் ஆறு விலகி வழிவிட்டது என்பார்கள். கோடைக்காலம் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் ஒரு புடவை வியாபாரி வந்தார். பசியோடு உண்டார். இலையைத் துடைத்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சாத்தப்பருக்குப் பொறி தட்டியது. செம்பை எடுத்து ஓடிவந்து அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

வியாபாரி நிமிர்ந்தார். “என்னங்க இது? இன்னும் ரசமே வரலையே?”

ஒரு கையில் சோற்றுக் கூடையும் மறு கையில் செம்புமாகச் சாத்தப்பர் குருவின் முன்னால் வந்து நின்றார்.

“சுவாமி, இவரும் இலையைத் துடைத்து வைத்துக் குனிந்துதான் உட்கார்ந்திருந்தார்.”

“ஆமாம், பார்த்தேன்.”

“இப்போது என்னை முறைக்கிறார். நாளைக்கு இன்னொருவர் வருவார், அவரும் குனிந்து உட்காருவார். சோறு போடுவதா, தண்ணீர் ஊற்றுவதா? எதைக் கண்டு தெரிந்துகொள்வது?”

தம்பிரான் அவருடைய இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு கையில் சோறு இருக்கிறது. ஒரு கையில் தண்ணீர் இருக்கிறது. வாய் சும்மாதானே இருக்கிறது, மணியக்காரரே?”