ஓயாத கை

ஐஸ் கம்பெனி முதலாளி தணிகாசலத்துக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காசிமேட்டுக் குத்துச்சண்டைக்கு அவர் இறக்கிய பெலிக்ஸும் அதே ரகம்தான். எதிரே எத்திராஜ், அதே கம்பெனியில் ஐஸ் பாளம் தூக்கும் நாற்பது தாண்டிய ஆள்.

"ஓர் ஆளைச் சாய்க்காம என் பையன் கை ஓயாது. நீ தோத்தா வேலையும் போச்சு," என்றார் முதலாளி.

"சரிங்க மொதலாளி. நீங்க கிட்டயே இருந்து பாருங்க, அது போதும்."

மணி அடித்தது. பெலிக்ஸ் சரமாரியாகக் குத்தினான். எத்திராஜ் ஒன்றுகூடத் திருப்பித் தரவில்லை. குனிந்தான், நழுவினான், பின்வாங்கினான். முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கயிற்றுக்குள் தலையை நீட்டி, "அடிடா! முடிடா!" என்று கத்தினார். எத்திராஜ் பின்வாங்கி வந்து சரியாக அந்தத் தலைக்கு முன்னால் நின்றான். பெலிக்ஸ் முழு பலத்தோடு வீசினான். எத்திராஜ் குனிந்துகொண்டான்.

முதலாளி மல்லாந்து விழுந்தார். பெலிக்ஸ் பதறிப்போய்க் கையைத் தொங்கவிட்டான். எத்திராஜ் தன் ஒரே குத்தை அப்போதுதான் விட்டான்.

நடுவர் பெலிக்ஸுக்குப் பத்து எண்ணி முடித்தபோது முதலாளி கண் விழித்தார்.

"நீங்க சொன்னது நெசந்தான் மொதலாளி," என்றான் எத்திராஜ். "ஓர் ஆளைச் சாய்ச்சப்புறம்தான் உங்க பையன் கை ஓஞ்சுது."