கலிங்கடியில் கீரி தேடிய கொலைகாரன்

கருவேலங்காட்டு ஏரி அந்த வருடம் நிரம்பி வழிந்தது. ஏரியின் தெற்குக் கோடியில் ஒரு கலிங்கு இருந்தது. ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போகட்டும் என்று மனிதர்கள் எப்போதோ கட்டிய நீளமான கற்சுவர் அது. ஒரு பன்றியின் முதுகில் இன்னொரு பன்றி ஏறி நின்றால் எட்டுகிற உயரம். கோடைக்காலம் முழுவதும் காட்டு விலங்குகள் அந்தச் சுவரின் மேல் நடந்துதான் அக்கரைக்குப் போய் வந்தன. ஓடை வளைவு வரை இறங்கிச் சுற்றிப் போனால் அரை நாள் ஆகும். கலிங்கு மேல் போனால் ஒரே ஓட்டம்தான்.

மழை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சுவரின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர்தான் வழிந்தது. மேலிருந்து பார்த்தால் கண்ணாடி விரித்தது போல இருந்தது.

ஒரு நாள் காலையில் தாவன் என்ற முயல் அறுகம்புல் தேடி அக்கரைக்குப் போனான். அவன் திரும்பி வரவில்லை.

அவன் மனைவி பஞ்சி புதர் புதராகத் தேடினாள். கரும்பாறை என்ற காட்டுப்பன்றி ஓடைக்கரையோடு வளைவு வரை நடந்து பார்த்தான். தாவனின் ஒரு முடிகூடக் கிடைக்கவில்லை. நாலாம் நாள் காலையில் ஓடை வளைவில், நாணல் புதருக்குள், தாவன் செத்து ஒதுங்கிக் கிடந்தான்.

அன்றிலிருந்து காட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தபடியே தூங்கினான். மயில் தன் கூடப்பிறந்த தம்பியைக்கூடத் தனக்குப் பின்னால் நடக்க விடவில்லை. ஒருவர் தண்ணீர் குடிக்கும்போது இன்னொருவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைக் கண்டுபிடிக்க என்னால்தான் முடியும்!" என்றான் கூர்மூக்கன் என்ற கீரி.

கூர்மூக்கனுக்கு எதிலும் சந்தேகம். தேன்கூட்டைப் பார்த்தால், தேன் இருக்கிறதா என்று பார்க்கமாட்டான்; யார் வைத்தது, ஏன் வைத்தது என்று கேட்பான். அதனால் அவனைப் பெரிய அறிவாளி என்று காடே மதித்தது.

அவன் இரண்டு நாள் தரையை முகர்ந்து திரிந்தான். மூன்றாம் நாள் காலையில் எல்லோரையும் கலிங்குக்குப் பக்கத்து மருத மரத்தடிக்கு வரச் சொன்னான். ஆழி என்ற நீர்நாயையும் வரச் சொன்னான்.

ஆழி அந்த ஏரிக்குப் புதியவள். மூன்று குட்டிகளோடு வந்து பத்து நாள்தான் ஆகிறது. ஓடை வளைவில், அக்கரையில், வளை தோண்டிக் குடியிருந்தாள்.

"எல்லோரும் கவனியுங்கள்!" என்றான் கூர்மூக்கன். "தாவன் காணாமல் போன அன்றே கரும்பாறை அண்ணன் வளைவு வரை தேடினார். உடல் இல்லை. மூன்று நாள் கழித்து அதே வளைவில் உடல் வந்தது. ஓடுகிற தண்ணீரில் விழுந்தவனை அது அன்றைக்கே வளைவுக்கு அடித்துக்கொண்டு போயிருக்கும். அப்படியானால் மூன்று நாள் அவனை யாரோ பிடித்து வைத்திருந்தார்கள்! யார் அது? உடல் கிடந்த இடத்துக்குப் பத்தடியில் யாருடைய வளை இருக்கிறது?"

எல்லோரும் ஆழியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆழி குட்டிகளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "நீங்கள் சொல்வதில் பாதி சரி, கீரியாரே! அவரைப் பிடித்து வைத்திருந்தது உண்மைதான். ஆனால் நான் இல்லை. இந்தக் கலிங்குதான்!"

"கலிங்கா?"

"அடியில் பாருங்கள். தண்ணீர் விழுந்து உள்ளே போகிறது. மறுபடி மேலே வந்து சுவரை நோக்கியே திரும்புகிறது. அதில் மாட்டியவரை அது விடாது. நாள் கணக்கில் சுற்றிச் சுற்றி உள்ளேயே வைத்திருந்து, பிறகுதான் வெளியே தள்ளும். அதனால்தான் வந்த நாளிலிருந்து 'கலிங்கு மேல் நடக்காதீர்கள்' என்று எல்லோரிடமும் கத்துகிறேன்!"

"ஓஹோ!" என்றான் கூர்மூக்கன். "யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று உனக்கு ஏன் இத்தனை அக்கறை? உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"நான் முன்பு இருந்த இடத்திலும் இப்படி ஒரு கலிங்கு இருந்தது. என் கணவர் அதில்தான் செத்தார்."

"கேட்டீர்களா? அங்கேயும் ஒரு சாவு! இவள் போகிற இடமெல்லாம் சாவு!"

கூட்டம் முணுமுணுத்தது. ஆழியின் கண்கள் கலங்கின. ஆனாலும் அவள் ஒரு காய்ந்த பனங்காயை மூக்கால் உருட்டிக்கொண்டு போய் ஏரித் தண்ணீரில் தள்ளினாள். பனங்காய் மெல்ல மிதந்து கலிங்கைத் தாண்டிக் கீழே விழுந்தது. மூழ்கியது. எழுந்தது. ஓடைப் பக்கம் போகாமல் சுவரை நோக்கித் திரும்பி வந்து மறுபடி மூழ்கியது. எத்தனை முறை எழுந்தாலும் அது அந்த நுரையை விட்டு வெளியே வரவில்லை.

"பார்த்தீர்களா!" என்றாள் ஆழி.

"பார்த்தேன்!" என்றான் கூர்மூக்கன். "அடியில் ஏதோ கட்டி வைத்திருக்கிறாய். வித்தை காட்டுகிறாய். பழகின தண்ணீரை நாங்கள் நம்புவோமா, பத்து நாள் முன்னால் வந்த உன்னை நம்புவோமா? உன் வளையை நான் பார்க்க வேண்டும். தாவனின் முடி ஒன்று அங்கே கிடைத்தால் போதும்!"

"தாராளமாகப் பாருங்கள். வளைவு வழியாக வாருங்கள், நானே கூட்டிப் போகிறேன்."

"வளைவு வழியாகவா? அரை நாள் சுற்ற வேண்டும். அதற்குள் உன் ஆட்கள் யாராவது வளையைச் சுத்தம் செய்துவிடுவார்கள்!"

"எனக்கு ஆட்கள் யாரும் இல்லை. இந்த மூன்று குட்டிகள்தான். வேண்டாம், கீரியாரே! கலிங்கு மேல் மட்டும் போகாதீர்கள்!"

"நீ வேண்டாம் என்கிற வழியில்தான் ஏதோ இருக்கிறது!"

கூர்மூக்கன் கலிங்கின் மேல் இறங்கிவிட்டான். தண்ணீர் அவன் கால்களை மெல்லத் தடவிக்கொண்டு போனது. "இவ்வளவுதானா!" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஆறாவது எட்டில் பாசி வழுக்கியது. நான்கு கால்களும் ஒரே பக்கம் இழுபட்டன. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவன் கீழே போய்விட்டான்.

கீழே எல்லாம் நுரை. அதில் கால் ஊன்றவும் முடியவில்லை, மிதக்கவும் முடியவில்லை. கூர்மூக்கன் மூச்சுத் திணறி மேலே வந்தான். நாலு முழத் தூரத்தில் ஓடை அமைதியாக இருப்பது தெரிந்தது. அதை நோக்கி நீந்தினான். நீந்த நீந்தச் சுவர் பக்கமே போனான். தண்ணீர் பின்னால் ஓடியது! மேலிருந்து விழுந்த தண்ணீர் அவன் தலையில் அடித்து மறுபடி உள்ளே அழுத்தியது.

"ஐயோ! காப்பாற்றுங்கள்!"

கரும்பாறை கரையோரம் பாய்ந்து வந்தான். "இதோ வருகிறேன்!" என்று ஓடி வந்து குதிப்பதற்காக இரண்டு எட்டுப் பின்னால் போனான். அதற்குள் ஆழி அவன் பின்னங்காலைக் கவ்விப் பிடித்தாள்.

"கடிக்கிறாள்! கடிக்கிறாள்!" என்று மயில் அலறியது. "கீரியார் செத்தால் நல்லது என்று தடுக்கிறாள்! அவள் குணம் வெளியே வந்துவிட்டது!"

"விடு என்னை!" என்று கரும்பாறை உறுமினான். "உனக்குத்தான் நீந்தத் தெரியுமே! நீயாவது குதியேன்! ஏன் நிற்கிறாய்?"

"என் கணவர் என்னைவிட நன்றாக நீந்துவார்!" ஆழி கத்தினாள். "ஒரு மான்குட்டி விழுந்தது. காப்பாற்ற இப்படித்தான் குதித்தார். இரண்டு பேரும் வெளியே வரவில்லை. நீங்கள் குதித்தால் ஒருவருக்குப் பதில் இருவர் சாவார்கள். கரையில் நின்றே இழுக்க வேண்டும். கொடி வேண்டும், நீளமான கொடி!"

யாரும் அசையவில்லை. இது என்ன புதுத் தந்திரமோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கீழே கூர்மூக்கனின் தலை தெரிந்தது, மறைந்தது.

அப்போது பஞ்சி ஓடினாள். மருத மரத்தில் சுற்றிக் கிடந்த சீந்தில் கொடியின் அடியைத் தன் பல்லால் நறுக் நறுக்கென்று கடித்தாள்.

"பஞ்சி! உன் கணவனைக் கொன்றவள் பேச்சையா கேட்கிறாய்?" என்றது மயில்.

"அவர் உடம்பில் ஒரு பல்தடம் இல்லை!" பஞ்சி கடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "நாணலுக்குள் கிடந்தபோதே பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. யாரையாவது திட்டினால் மனசு ஆறும் என்று நினைத்தேன். இவள் புதியவள், திட்ட வசதியாக இருந்தாள். போதும்! யாராவது மரத்தில் ஏறி இதை இழுங்கள்!"

குரங்கு மரத்தில் தாவி ஏறிக் கொடியை உருவி எடுத்தது. கரும்பாறை ஒரு நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு காலை அகற்றி ஊன்றி நின்றான். கலிங்கின் ஓரச் சுவரிலிருந்து குரங்கு மறுநுனியை வீசியது. எட்டவில்லை. மறுபடி வீசியது. நுரைக்கு ஒரு முழம் இப்பால் விழுந்தது.

ஆழி ஓரச் சுவரின் நுனிக்கே போய்க் குனிந்து கத்தினாள். "கீரியாரே! ஓடையை நோக்கி நீந்தாதீர்கள்! மேலே வரும் தண்ணீர் உங்களைத் திருப்பித்தான் கொண்டு வரும். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, அழுத்தும்போது எதிர்க்காமல் அடிக்குப் போங்கள்! அடித்தண்ணீர் மட்டும்தான் வெளியே ஓடுகிறது!"

கூர்மூக்கனுக்குக் காதில் விழுந்தது. அந்த நிலையிலும் அவன் மனம் பழைய வேலையைச் செய்தது. 'அடிக்குப் போகச் சொல்கிறாள். சாகத்தான் சொல்கிறாள். நான் அவளைக் கொலைகாரி என்றேனே, விடுவாளா?' அவன் மறுபடி ஓடையை நோக்கி நீந்தினான். மறுபடி சுவருக்கே வந்தான். கைகால் கல்லாகக் கனத்தன. பக்கத்தில் அந்தப் பனங்காய் எழுந்து, உருண்டு, மறுபடி மூழ்கியது.

அதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. அடியில் எந்தக் கட்டும் இல்லை. எந்த வித்தையும் இல்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அப்படியானால் இதுவும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

மூச்சை இழுத்தான். கண்ணை மூடினான். தண்ணீர் அழுத்தியபோது எதிர்க்காமல் விட்டுக்கொடுத்தான்.

மேலே நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் நுரைதான் தெரிந்தது. "போய்விட்டார்!" என்றது மயில், இந்தமுறை மெல்ல. பஞ்சி முகத்தை மூடிக்கொண்டாள்.

ஓடைப்பக்கம், கலிங்கிலிருந்து பதினைந்து எட்டுத் தள்ளி, ஒரு சின்னத் தலை எழுந்தது.

"அதோ! அங்கே வீசு!"

குரங்கு கொடியை வீசியது. கூர்மூக்கன் அதைப் பல்லால் கவ்வினான். கரும்பாறை பின்னால் நடந்தான். அவனோடு முள்ளம்பன்றியும் பஞ்சியும் சேர்ந்து இழுத்தார்கள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக, கூர்மூக்கன் கரைச்சேற்றில் வந்து விழுந்தான்.

வெகுநேரம் அவன் இருமினான். பிறகு ஆழியின் பக்கம் தவழ்ந்து போனான்.

"அம்மா, நான் உங்களைக் கொலைகாரி என்றேன். நீங்கள் வழி சொன்னபோதும் நம்பவில்லை. எனக்கு எதைச் சந்தேகப்பட வேண்டும் என்றே தெரியாமல் போயிற்று. என்னை மன்னிப்பீர்களா?"

"நீங்கள் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்," என்றாள் ஆழி. "ஆனால் என் குட்டிகளிடம் இப்போது வராதீர்கள். எல்லோரும் சேர்ந்து தங்கள் அம்மாவை முறைத்ததை அவை பார்த்துவிட்டன. பயம் போக நாளாகும்."

கூர்மூக்கன் தலையைக் குனிந்துகொண்டான். 

அன்றே காட்டில் ஒரு முடிவு எடுத்தார்கள். தண்ணீர் வழிகிற நாளில், கால் நனைகிற அளவே வழிந்தாலும் சரி, கலிங்கு மேல் யாரும் கால் வைக்கக்கூடாது. வளைவு வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு அரை நாள் ஆனாலும் ஆகட்டும். தவறி யாராவது விழுந்தால் பின்னால் குதிக்கக்கூடாது. கரையில் நின்று கொடி வீச வேண்டும். பஞ்சி தினமும் காலையில் இக்கரையில் உட்கார்ந்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினாள். திட்டியவர்களிடம் அவள் பதிலுக்குச் சண்டை போடவில்லை. "என் கணவரும் கணுக்கால் தண்ணீர்தானே என்றுதான் போனார்," என்று மட்டும் சொல்வாள்.

கூர்மூக்கன் சந்தேகப்படுவதை விடவில்லை. ஆனால் இப்போது அவன் யார் முகத்தையும் முகரவில்லை. கொடி மூடிக் கிடந்த பாழ்கிணற்றின் விளிம்பை முகர்ந்தான். மேலே காய்ந்து வெடித்து உள்ளே குழைந்து கிடந்த குளத்துச் சேற்றைக் குச்சியால் குத்திப் பார்த்தான். எல்லோரும் படுத்துத் தூங்கும் மரத்தில் பட்டுப்போன கிளை எது என்று அண்ணாந்து பார்த்தான். மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் சின்னதாகச் சுழிப்பதைக் கண்டதும் மான்களை ஓடிப்போய்த் தடுத்தான். அவன் கத்தும்போது சிலர் சிரித்தார்கள், சிலர், "இவனுக்கு இதில் என்ன லாபம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அவன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தவர் முகத்திலேயே எதிரியைத் தேடிக்கொண்டிருப்பவர், தினமும் கால் வைக்கிற இடத்தில் இருக்கும் ஆபத்தைக் காணமாட்டார்.