சச்சினா லாராவா, ஜீப் டிரைவரைக் கேளுங்க

ஜீப்பின் பின்சீட்டில் வாக்குவாதம் முற்றிவிட்டது. ஒருநாள் ஆட்டத்தில் சச்சினை மிஞ்ச ஆளே கிடையாது என்றார் தாசில்தார். லாரா மட்டையைத் தூக்கி நிற்கிற அழகுக்கு முன்னால் சச்சின் எம்மாத்திரம் என்றார் அவருடைய மேலதிகாரியான கோட்டாட்சியர்.

இருவரும் டிரைவர் சவரியப்பனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சமம்னு மழுப்பினே, நாளைக்கே உன்னை மலைக்கு மாத்திடுவேன்" என்றார் கோட்டாட்சியர்.

"சச்சினை விட்டுக்கொடுத்தே, அந்த ஆர்டரை நானே டைப் அடிப்பேன்" என்றார் தாசில்தார்.

சவரியப்பன் நிதானமாகக் கியரை மாற்றினார்.

"எனக்கு ஆட்டம் தெரியாதுங்கய்யா. நீங்க மேட்ச் பார்த்த டிவி கடை வாசல்ல ஜீப்போட காத்துக் கெடந்தவன் நான். சச்சின் ஆடின அன்னைக்கு இந்தத் தாசில்தார் ஐயா ஏரிக்கரை உடைஞ்சதைப் பார்க்கப் போகலை. லாரா ஆடின அன்னைக்கு, முன்னாடி தாசில்தாரா இருந்த நீங்க, குடிசை எரிஞ்சதைப் பார்க்கப் போகலை. ரெண்டுக்கும் நேர்ல பார்த்ததா அறிக்கை மட்டும் போச்சு. இதுல எது பெரிய சேதம்னு சொல்லுங்க. அன்னைக்கு ஆடினவர்தான் பெரிய ஆட்டக்காரர்."

கொஞ்ச தூரம் போனதும் கோட்டாட்சியர் தொண்டையைச் செருமினார்.

"ஃபுட்பாலும் நல்ல ஆட்டம்தான்."

"ரொம்ப நல்ல ஆட்டம் சார்" என்றார் தாசில்தார்.