மலை சொல்லாத "ம்"

கண்ணை மூடிக்கிட்டே கேளு அம்மிணி. அத்தை கதை சொல்றப்ப நடுவுல நடுவுல "ம்" கொட்டோணும். கொட்டலைன்னா கதை அங்கேயே நின்னுரும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பள்ளம். அந்தப் பக்கம் ஒரு மலை, இந்தப் பக்கம் ஒரு மலை. ஊருன்னா கோயமுத்தூரு, பள்ளம்னா நம்ம பள்ளந்தான், வேற எது? அப்ப இங்க கடையில்ல, தெருவில்ல, முள்ளுச்செடியும் எல்லைக்கல்லுந்தான். சைட்டு வித்தவன் "மலைக்காட்சி அவென்யூ"ன்னு போர்டு வெச்சிருந்தான். மலை தெரிஞ்சுது, அவென்யூவைத்தான் காணோம்.

அப்புறம் மாராத்தான்னு ஒருத்தி மொத ஆளா வந்து வீடு கட்டுனா. புருசன் மில்லுக்குப் போயிட்டா பகல் பூரா தனியாத்தான் கெடக்கோணும். ஒரு நாள் வாசல்ல நின்னு, "யாராச்சும் இருக்கீங்களாஆஆ"ன்னு கத்துனா. "இருக்கீங்களாஆஆ... களாஆஆ"ன்னு மலை திருப்பிக் கேட்டுது. "யாரது?"ன்னா. "யாரது... ரது"ன்னுச்சு. பாவம், அவளுக்கு அழுகையே வந்துருச்சு.

"ம்."

அப்புறம் இன்னொரு நாள் அதே மாதிரி கத்துறா, வேலிக்கு அந்தாண்ட இருந்து "ம்"னு ஒரு சத்தம்! எட்டிப் பாத்தா, திருநெல்வேலியில இருந்து புதுசா குடிவந்த டெய்லர் ஜெபமணி. கடகடகடன்னு மிஷின் ஓட்டிக்கிட்டிருக்காரு, வாயில குண்டூசி. வாயைத் தொறந்தா ஊசி விழுந்துரும், அதனாலதான் "ம்". மாராத்தா அப்படிச் சிரிச்சா! "மலை எல்லாத்தையும் திருப்பிச் சொல்லும், 'ம்' மட்டும் சொல்லாது. 'ம்'னு கேட்டா அது மனுசந்தான்"னா.

அதுல இருந்து இங்க யாரு குடிவந்தாலும் மொதல்ல இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க. கூப்பிட்டா "ம்"னு சொல்லு. அது பக்கத்து வாசலுக்குத்தான் கேக்கும். அவங்க அடுத்த வாசலுக்குச் சொல்லுவாங்க. அப்படியே பள்ளம் பூரா போயிரும். எதுக்கும் வெறும் "ம்"தானான்னு டவுன்காரங்க நம்மளை மரியாதை தெரியாதவங்கன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

தூங்கிட்டியா?

"ம்ம்."

அப்போ பஸ்ஸெல்லாம் மேட்டு ரோட்டுலயே நின்னுரும். ஏறிப் போறதுக்குள்ள மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்கும். சுபைதான்னு ஒரு பொண்ணு, நெறமாசம். மேட்டைப் பாத்துப் பாத்து பயப்படுவா. மாராத்தா அவ கையைப் புடிச்சு, "நீ நடக்க வேண்டாம் கண்ணு. உன் வலிக்கு முன்னாடி பஸ்ஸு கீழ வந்துரும்"னு வாக்குக் குடுத்துட்டா. குடுத்தாச்சு, இனி விடுவாளா?

பஸ்ஸு ஆபீசுல மாராத்தா போய்ச் சொன்னதும் ஆபீசரு வந்தாரு. ஆனா மேட்டை விட்டு எறங்கல. அங்கிருந்தே "பஸ் வேணுமாஆஆ?"ன்னாரு. நம்மாளுங்க பழக்க தோசத்துல "ம்"னாங்க. அவருக்கெங்க கேக்கும்? "வேணுமாஆஆ"ன்னு மலைதான் கேட்டுது. "என்னையே கிண்டல் பண்றாங்களா?"ன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் மறுபடியும் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தாங்க. இந்தத் தடவை கீழயே வந்துட்டாரு. ஆனா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, "அப்ப பஸ் வேண்டாமா?"ன்னாரு. பள்ளமே சேந்து "ம்!"

அடக் கொடுமையே! அவரு ஜீப்புல ஏறி டர்ர்ருன்னு போயிட்டாரு.

"அய்யோ."

அய்யோதான். அப்புறம் மாராத்தா ஆபீசுக்கே போயி, "ஒரே ஒரு நடை ஓட்டிப் பாருங்க சார். சரிப்படலைன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேனுங்க"ன்னா. அவரும் சரின்னாரு.

பஸ்ஸு வர்ற அன்னைக்குப் பாத்து மூடுபனி. கையை நீட்டுனா கை தெரியல. சுபைதாவுக்கும் அன்னைக்கே வலி எடுத்துருச்சு! மேட்டு வளைவுல பஸ்ஸு "பாம்"னுச்சு. ரெண்டு மலையும் "பாம்... பாம்"னுச்சு. எதுக்க வண்டி வருதா, மலை கத்துதான்னு டிரைவருக்குத் தெரியல. "திருப்புப்பா வண்டியை"ன்னாரு கூடவே பஸ்ஸுல வந்த ஆபீசரு.

மாராத்தா ஓடுனா பாரு, மேட்டுல! "ஹாரனை நிறுத்துங்க! 'ம்' சத்தத்துக்கு நடுவுல ஓட்டுங்க!"ன்னா. அதுக்குள்ள ரோட்டுக்கு ரெண்டு ஓரமும் சனம் நின்னுருச்சு. இந்தப் பக்கம் "ம்ம்ம்", அந்தப் பக்கம் "ம்ம்ம்". ஜெபமணி ஊசியைத் துப்பிட்டு அடிவயித்துல இருந்து "ம்ம்ம்"ங்கறாரு. டிரைவர் காதைத் தீட்டிக்கிட்டு, உருட்டி உருட்டி, கீழ கொண்டாந்து நிறுத்திட்டாரு. சுபைதாவைத் தூக்கி ஏத்துனாங்க. அதே "ம்ம்ம்"முக்கு நடுவுலதான் ஆஸ்பத்திரிக்கும் போனா. ஆபீசரும் ஜன்னல்ல தலையை நீட்டி "ம்ம்ம்"னாராம். இதை நான் நம்பறேன்.

கொழந்தையும் பொறந்துது. நம்ம பஸ்ஸுல டிக்கெட் குடுத்துட்டு உன் கன்னத்தைக் கிள்ளுவாங்கல்ல, கண்டக்டர் ஜீனத் அக்கா? அவங்கதான் அது.

"நெசமாவா?"

அத்தை என்னைக்குப் பொய் சொல்லியிருக்கேன்? வளைவுல இப்பவும் டிரைவர் ஹாரன் அடிப்பாரு. அது வண்டி வருதுங்கறதுக்கு இல்ல அம்மிணி. "இருக்கீங்களா?"ன்னு கேக்கறது.

கேளு... கடைசி வண்டி.

பாம்.

"ம்"னு நான் சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுலயும் சொல்லிட்டாங்க. நீ?

"...ம்."

அவ்வளவுதான். பஸ்ஸும் வந்துருச்சு, கதையும் எறங்கிருச்சு. நீயும் தூங்கு சாமி.