கரடியின் பின்பக்கத்தில் பதினேழு முட்கள்

சுண்ணாம்புக் குன்றுக் காட்டில் ஒரு பொந்துப் பாதை இருந்தது. மழைத் தண்ணீர் கல்லைக் கரைத்துக் கரைத்துப் போட்ட பாதை. ஒரு பள்ளத்தில் இறங்கி, வயிற்றால் ஊர்ந்து, குன்றின் மறுபக்கம் மேலே வெளிவர வேண்டும். அதைச் சுற்றிப் பார்க்க எங்கெங்கிருந்தோ மிருகங்கள் வரும். வழிகாட்டி ஓர் உடும்பு.

அன்றைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். மாசானம் என்ற கரடி, ஒரு முள்ளம்பன்றி, ஒரு முயல்.

"சின்ன உடம்பு முன்னால, பெரிய உடம்பு கடைசியில. இங்க அதுதான் வழக்கம்," என்றது உடும்பு.

கரடிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாரைப் பெரிய உடம்புங்கறே? இது பூரா முடி. குளிச்சா பாதி ஆயிடுவேன்."

"அப்போ குளிச்சிட்டு வாங்கண்ணே."

கரடி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடும்புக்கு அடுத்த ஆளாகத் தானே நுழைந்தது. அதன் பின்னால் முள்ளம்பன்றி, கடைசியில் முயல். உடும்பு வழுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. கரடிக்குத் தலையும் கையும் வெளியே வந்தன. வயிறு வரமாட்டேன் என்றது.

"சிக்கிக்கிட்டீங்களாண்ணே?" என்றது உடும்பு.

"நானா? காத்து வாங்கறேன்."

"ஏண்ணே நின்னுட்டீங்க?" என்று உள்ளேயிருந்து முள்ளம்பன்றி கேட்டது.

"பாறை என்ன அழகா இருக்கு! ரசிக்கத் தெரியாத ஜென்மங்க."

இந்தக் கரடியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. பின்னால் பள்ளம் நிரம்பி, வந்த வழி அடைபட்டுப் போயிற்று. முயலுக்கு முதலில் கால் நனைந்தது. பிறகு வயிறு. பிறகு கழுத்து.

"அக்கா, பயமா இருக்கு. தண்ணி வாய்கிட்ட வந்திருச்சு," என்று முயல் அழுதது.

முள்ளம்பன்றி கரடியின் பின்னங்காலைத் தட்டியது. "அண்ணே, கடைசியா கேக்கறேன். சிக்கியிருக்கீங்களா, இல்லையா?"

"இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? ரசிச்சு முடிச்சிட்டு வரேன்."

"சரிண்ணே," என்றது முள்ளம்பன்றி. மெல்லத் திரும்பி நின்றது. முட்களை விறைத்தது. பின்னோக்கி ஒரே பாய்ச்சல் பாய்ந்தது.

"ஐயோ, அம்மா!"

கரடி பொத்தென்று வெளியே வந்து விழுந்தது. முள்ளம்பன்றி முயலைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது.

கரடியைக் குப்புறப் படுக்க வைத்து உடும்பு ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கியது. பதினேழு இருந்தன. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மூச்சை வெளிய விடச் சொல்லி, கையைப் பிடிச்சு இழுத்திருப்பேன். ரெண்டு நிமிஷ வேலைண்ணே."

முயல் தும்மிக்கொண்டே கரடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"பாறை எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டது.

"சிக்கிக்கிட்டேன்," என்றது கரடி, ரொம்பச் சின்னக் குரலில்.

முன்னால் போகிறவன் சிக்கிக்கொண்டால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். அவன் வீம்புக்குப் பின்னால் வருகிறவன் மூழ்கக் கூடாது.