வெள்ளரிப் பாத்தியில் ஒரு வண்டு

முன்னொரு காலத்தில், சாப்பாட்டில் மட்டும் கண்டிப்பான ஒரு மன்னர் இருந்தார். ஒருநாள் அவர் கடித்த வெள்ளரிப் பிஞ்சில் அரைப் புழு நெளிந்தது. மீதி அரை எங்கே என்று கேட்கும் துணிச்சல் சபையில் யாருக்கும் இல்லை.

இனி வெள்ளரிப் பாத்திக்குள் ஒரு பூச்சியும் நுழையக் கூடாது என்று உத்தரவிட்டு, அந்தப் பொறுப்பை விகடகவி சாத்தன் தலையில் கட்டினார். நாற்பது நாளில் நல்ல பிஞ்சு வராவிட்டால் அவன் நாட்டைவிட்டே போக வேண்டும். போவதற்குச் சாத்தனுக்கு வேறு நாடு கிடையாது.

அவன் மூங்கில் பிளாச்சுகளை வளைத்து நட்டு, பாத்தி முழுவதையும் சல்லாத் துணியால் மூடினான். வெயிலும் தண்ணீரும் உள்ளே போயின. பூச்சிகள் வெளியே நின்றன. கொடி தளதளவென்று படர்ந்தது. பூக்கும்போது காலையில் சற்றுத் துணியை விலக்கித் தேனீக்களை விடலாம் என்று நினைத்திருந்தான்.

ஆஸ்தானப் புலவர் அமுதவாணருக்கு வயிறு எரிந்தது. தேனீ வராமல் வெள்ளரி காய்க்காது என்பது அவருக்கும் தெரியும். பூச்சிக்காகத் துணியை விலக்குபவன் ராஜத்துரோகி என்று மன்னர் காதில் ஓதினார். துணியின் ஓரமெல்லாம் அரச முத்திரை விழுந்தது. பூத்ததெல்லாம் வெம்பி உதிர்ந்தது.

கெடுவுக்குப் பதினைந்து நாள் இருக்கையில், சபையில் புலவர் நலம் விசாரித்தார். "என்ன சாத்தனாரே, பந்தல் போட்டீர். கல்யாணம் எப்போது?"

"மாப்பிள்ளையும் பெண்ணும் தயார், புலவரே. தரகர்தான் உள்ளே வரக் கூடாதாம்" என்ற சாத்தன், மன்னரைப் பார்த்துக் கைகூப்பினான். "பிரபு, பூச்சியாக இல்லாத வண்டு ஒன்று தேவை. அது இந்தச் சபையிலேயே இருக்கிறது. 'தங்கள் பாதத் தாமரையை மொய்க்கும் வண்டு நான்' என்று பதினெட்டு வருஷமாகத் தினமும் வாக்குமூலம் கொடுக்கிறது."

அது வெறும் உருவகம் என்றார் புலவர்.

"அப்படியானால் என் பாதம்?" என்று மன்னர் மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் விடியலில் முத்திரை பிரிந்தது. அமுதவாணர் பட்டுத் தலைப்பாகையோடு துணிக்குள் தவழ்ந்தார். ஆண் பூக்களைக் கிள்ளி, அடியில் பிஞ்சோடு நிற்கும் பெண் பூக்களில் தடவியபடியே நகர்ந்தார். ஏழு காலை இப்படி. ரீங்காரம் கேட்கவில்லையே என்று சாத்தன் வெளியிலிருந்து கவலைப்பட்டான்.

கெடு நாளன்று மன்னர் பிஞ்சைக் கடித்தார். உள்ளே உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தன் கழுத்தில் போட்டு, வேறென்ன வேண்டும் என்றார்.

"பூக்கும் காலத்தில் காலை ஒரு நாழிகை துணியை விலக்க அனுமதி, பிரபு. நிஜத் தேனீ வேலையை மட்டும் செய்யும். கவி பாடாது."

மறுநாள் முதல் புலவர் தம்மை மன்னரின் பாதத் தூசி என்று பாடத் தொடங்கினார். சாத்தன், விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று மட்டும் காவலனிடம் கேட்டான்.