கொண்டல் காட்டின் தொங்குகூடைகள்

கீரி துடியனுக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி. கொண்டல் காட்டின் வாசலில் விருந்தினர் வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நீண்டு கிடந்தது.

கொண்டல் காடு மற்றக் காடுகளைப் போன்றதல்ல. அதை விளையாட்டுக் காடாக மாற்றியவர் பெருங்கரடியார். அங்கே அருவித் தண்ணீரோடு வழுக்கி இறங்க ஒரு சறுக்குப் பாறை இருந்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஆலவிழுது ஊஞ்சல்கள் இருந்தன. அதற்கும் அப்பால், பகலிலேயே மின்மினிகள் ஒளிரும் ஒரு குகை! ஏழு காடுகளிலிருந்தும் விலங்குகள் குஞ்சு குளுவான்களோடு வந்து, இரண்டு மூன்று நாள் தங்கி, ஆசை தீர விளையாடிவிட்டுப் போயின.

வந்தவர்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லப் பன்னிரண்டு எருமைகள் இருந்தன. அவற்றில் மூத்தவள் வட்டக்கொம்பி. யாரை எப்போது எங்கே அனுப்புவது என்று பார்த்துக்கொள்வது துடியனின் வேலை.

"இன்னும் எவ்வளவு நேரம் நிற்பது?" என்று வரிசையிலிருந்து ஓர் அணில் கத்தியது. "என் பிள்ளைகள் ஊஞ்சலை இன்னும் பார்க்கவில்லை. உங்கள் எருமைகளின் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!"

எல்லோரும் சிரித்தார்கள். துடியனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

அன்று மதியமே பெருங்கரடியார் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"துடியா, இந்தப் பங்குனியிலேயே இவ்வளவு கூட்டம். அடுத்த வருஷம் இரண்டு மடங்கு வரும் என்கிறார்கள். அத்தனை பேரையும் எப்படிக் கொண்டு சேர்ப்பாய்? யோசித்து ஒரு வழி சொல். வருகிற பௌர்ணமி அன்று சபையைக் கூட்டுகிறேன்."

துடியன் நேராக வட்டக்கொம்பியிடம் போனான். அவள் குட்டையில் கழுத்தளவு தண்ணீரில் படுத்திருந்தாள்.

"அக்கா, கரடியார் இப்படிக் கேட்கிறார். என்ன செய்யலாம்?"

வட்டக்கொம்பி எதையும் அவசரமாகச் சொல்ல மாட்டாள். வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் பாதை ஒன்றுதானே தம்பி இருக்கிறது? போகிறவர்களும் வருகிறவர்களும் அதிலேயே முட்டிக்கொள்கிறோம். கிழக்கே முட்புதரை வெட்டி இன்னொரு பாதை போடு. நாணல் குளத்தில் என் சித்தி பெண்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். போகிற வழி ஒன்று, வருகிற வழி ஒன்று. வரிசை பாதியாகக் குறைந்துவிடும்."

நல்ல யோசனைதான். துடியனுக்கே அது தெரிந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. 'இன்னும் எட்டு எருமைகள்! இதைச் சொன்னால் சபையில் யார் வாய் பிளப்பார்கள்? துடியன் என்ன பெரிதாகச் செய்துவிட்டான் என்றுதானே கேட்பார்கள்?'

அப்படி எண்ணிக்கொண்டே திரும்பி வந்தவனை, மரத்தின் மேலிருந்து கருங்குரங்குத் தலைவன் நெடுவாலன் கூப்பிட்டான்.

"என்ன துடியா, முகம் வாடியிருக்கிறது? வேகமாகப் போக வேண்டும், அவ்வளவுதானே! தரையில் ஏன் போக வேண்டும்? இந்த மரத்திலிருந்து அக்கரை மரத்துக்கு யானைக்கொடியை இழுத்துக் கட்டுவோம். அதில் மூங்கில் கூடைகளைத் தொங்கவிடுவோம். என் ஆட்கள் இழுத்தால், பத்து எண்ணுவதற்குள் அக்கரை!"

துடியன் அண்ணாந்து பார்த்தான். பள்ளத்தாக்குக்கு மேலே கூடைகள் பறப்பதும், கீழே எல்லோரும் வாய் பிளந்து நிற்பதும், 'யார் செய்தது இது?' என்று கேட்பதும் அவன் கண் முன்னால் ஓடின.

"நெடுவாலா, இதுதான்! இதுதான் இனி வரப்போகிற காலம்!" என்று துள்ளினான்.

மறுநாள் இதை வட்டக்கொம்பியிடம் சொன்னபோது, அவள் அண்ணாந்து அக்கரை மரத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"கூடை ஆடுமே தம்பி. ஆடினால் எதைப் பிடித்துக்கொள்வது?"

"விளிம்பைத்தான்!"

"குரங்குக்குக் கை இருக்கிறது. அணிலுக்கும் இருக்கிறது. குளம்புக்காரர்கள் எதைக் கொண்டு பிடிப்பார்கள்?"

துடியன் சிரித்தான். "பத்து எண்ணுவதற்குள் போய்விடும் அக்கா. பிடிப்பதற்கு நேரம் எங்கே இருக்கிறது?"

"அது மட்டும் இல்லை. ஆடி மாதம் உச்சிப்பொழுது சாய்ந்ததும் கணவாயிலிருந்து காற்று இறங்கும். என்னையே ஓர் அடி தள்ளிவிடும். அந்த நேரத்தில் நாங்கள் யாரையும் ஏற்ற மாட்டோம், பாறை மறைவில் நின்றுவிடுவோம். கவனித்திருப்பாயே?"

"காற்றா? இத்தனை வருஷமாக இங்கேயே இருக்கிறேன். என்னை எந்தக் காற்றும் தள்ளியதில்லையே!"

அவன் சொன்னது பொய் அல்ல. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் புல்லுக்குள் ஓடுகிறவனை எந்தக் காற்று தள்ளும்?

வட்டக்கொம்பி அவனையே பார்த்தாள். "சரி. சபையில் நானும் வந்து இதைச் சொல்லட்டுமா?"

"நீ ஏன் அக்கா அலைய வேண்டும்? நானே சொல்லிவிடுகிறேன்," என்றான் துடியன்.

பௌர்ணமி அன்று சபை கூடியது. நெடுவாலன் கொடியில் தொங்கிக் காட்டினான். துடியன் மூச்சு விடாமல் பேசினான். மயில்கள் தோகை விரித்து ஆரவாரம் செய்தன. கரடியார் கூட முன்னால் சாய்ந்து கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இத்தனை வருஷம் சுமந்தவர்கள் எருமைகள். அவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?"

துடியன் மயில்களின் விரிந்த தோகைகளைப் பார்த்தான். பிறகு அவன் சொன்னான்: "அவர்களுக்கும் சந்தோஷம்தான் ஐயா. ஒரு குறையும் சொல்லவில்லை."

"அப்படியானால் சரி. செய்!" என்றார் கரடியார்.

வைகாசியில் தொங்குகூடைகள் ஓடத் தொடங்கின. அடடா, என்ன வேகம்! காலையில் ஆற்றங்கரை வரை நீண்ட வரிசை, வெயில் ஏறுவதற்குள் கரைந்து போனது. மறுபடியும் வந்திருந்த அதே அணில் மூன்று முறை போய் வந்தது. "இதைச் செய்தது யார்?" என்று கேட்டது. "நான்தான்!" என்று துடியன் நெஞ்சை நிமிர்த்தினான்.

எருமைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சில நாள் குட்டையோரத்தில் நின்று பார்த்தன. ஒரு விடியற்காலையில் வட்டக்கொம்பி துடியனிடம் வந்தாள்.

"நாங்கள் நாணல் குளத்துக்குப் போகிறோம் தம்பி. சபையில் நான் சொன்னதைச் சொன்னாயா?"

"சொன்னேன் அக்கா," என்றான் துடியன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சொல்லியும் கேட்கவில்லையா! சரி, காற்று வந்தால் நிறுத்திவிடு," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். மற்றப் பதினொரு எருமைகளும் அவள் பின்னால் போயின. அவை போன பிறகு வெகுநேரம் வரை பாதையில் புழுதி அடங்கவில்லை. துடியனுக்கு உள்ளே ஏதோ குறுகுறுத்தது. ஆனால் அன்றும் கூட்டம் அதிகம். அவன் ஓடிவிட்டான்.

ஆடி பிறந்தது. மூன்றாம் நாள், மருதங்காட்டிலிருந்து மருளி என்ற புள்ளிமான் தன் குட்டி தும்பியை அழைத்துக்கொண்டு வந்தாள். தும்பிக்கு விளையாட்டுக் காடு முதல் தடவை. அவள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. சறுக்குப் பாறையில் ஏழு முறை வழுக்கிவிட்டு, "ஊஞ்சல், ஊஞ்சல்!" என்று அம்மாவை இழுத்தாள்.

கூடையைப் பார்த்ததும் மருளி தயங்கினாள்.

"விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா," என்றான் நெடுவாலன்.

"எனக்குக் கை இல்லையே ஐயா?"

அதைக் கேட்டுத் துடியன் திடுக்கிட்டான். இதே பேச்சை எங்கே கேட்டோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வானத்தைப் பார்த்தான். பொழுது உச்சியைத் தாண்டியிருந்தது. மரங்களின் தலைகள் மட்டும் லேசாக அசைந்தன. நிறுத்திவிடலாமா? பின்னால் திரும்பினான். ஐம்பது பேர் நின்றார்கள். யாரோ, "என்ன தாமதம்?" என்றார்கள்.

"கண்ணை மூடித் திறப்பதற்குள் அக்கரை வந்துவிடும். ஏறுங்கள்!" என்றான் துடியன். தயங்கி நின்ற தும்பியைத் தன் மூக்காலேயே தள்ளி ஏற்றிவிட்டான்.

கூடை பாதித் தூரம் போனது. கணவாயிலிருந்து காற்று இறங்கியது.

புல்லுக்குள் நின்ற துடியனுக்கு அது தெரியவே இல்லை. சத்தம்தான் முதலில் கேட்டது. அண்ணாந்து பார்த்தால், கூடை ஊஞ்சலை விடப் பெரிதாக ஆடிக்கொண்டிருந்தது. குரங்குகள் பல்லைக் கடித்துக் கொடியை இழுத்தன. மருளியின் குளம்புகள் மூங்கிலில் வழுக்கின. அவள் குட்டியின் காதைப் பல்லால் பற்றப் பார்த்தாள். அடுத்த வீச்சில் தும்பி விளிம்பைத் தாண்டி விழுந்துவிட்டாள்.

துடியன் ஓடினான். வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. பள்ளத்தில் புதர்கள் தாங்கியதால் தும்பிக்கு உயிர் இருந்தது. ஆனால் பின்னங்கால் ஒன்று முறிந்து தொங்கியது. அவள் அழக்கூட இல்லை. "அம்மா எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

சாயங்காலம் கரடியார் எல்லோரையும் கூட்டினார். அவர் குரல் இடி போல இருந்தது.

"நெடுவாலா! கொடியைக் கட்டியவன் நீ. இழுத்தவனும் நீ. காற்று வரும் என்று தெரியாதா? இன்றே உன் கூட்டத்தோடு காட்டை விட்டுப் போ!"

நெடுவாலன் கைகளைப் பிசைந்தான். "காற்று எங்களுக்கு விளையாட்டு ஐயா. மற்றவர்களுக்கு அது ஆபத்து என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே!"

துடியன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மருளி ஒரு பக்கம் குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஐயா, அவனை அனுப்பாதீர்கள்!" என்று முன்னால் வந்தான். "எனக்குச் சொன்னார்கள். வட்டக்கொம்பி அக்கா சொன்னாள். குளம்பைப் பற்றிச் சொன்னாள், காற்றைப் பற்றிச் சொன்னாள். எருமைகள் குறை சொல்லவில்லை என்று சபையில் நான் சொன்னது பொய். போகும்போது அவளிடமும் பொய் சொன்னேன்."

கரடியார் அவன் பக்கம் திரும்பினார்.

"உன்னைத் துரத்துவது எனக்குச் சுலபம். ஆனால் அதனால் யாருக்கு என்ன லாபம்? போ. எருமைகளிடம் போய் இதையே சொல். அவர்கள் வந்தால் வரட்டும்."

நாணல் குளத்துக்கு இரண்டு நாள் நடை. துடியன் போய்ச் சேர்ந்தபோது அவன் பாதங்கள் வெடித்திருந்தன. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். வட்டக்கொம்பி கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை அவள் எதையும் மென்றுகொண்டிருக்கவில்லை.

"குட்டி நடக்கிறதா?" என்று கேட்டாள்.

"மூன்று காலில் நிற்கிறாள், அக்கா."

"அவள் வீடு எங்கே?"

"மருதங்காடு. நாலு நாள் வழி. எப்படிப் போவதென்று தெரியாமல் தாயும் மகளும் அங்கேயே கிடக்கிறார்கள்."

வட்டக்கொம்பி குளத்தை விட்டு எழுந்தாள். "வா, போகலாம்."

அவள் வந்தாள். மற்ற எருமைகளும் வந்தன. குரங்குகள் அவள் முதுகில் நாணல் மெத்தை போட்டுத் தும்பியைப் படுக்க வைத்தன. மருளி பக்கத்தில் நடந்தாள். காட்டு எல்லை வரை துடியனும் கூடவே ஓடினான்.

"அக்கா, என்மேல் கோபமா?"

"கோபம் இல்லை துடியா. என் பேச்சைத் தள்ளியிருந்தால்கூட வருத்தப்பட்டிருக்க மாட்டேன். கரடியாருக்குத் தெரியாமல் மறைத்தாயே, அதுதான் ஆறவில்லை."

"திரும்பி வருவாய் அல்லவா?"

"இந்தக் கால் சேருகிற வரைக்கும் இவளைத் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் யார் தூக்கிப் போவார்கள்? நான் அங்கேயே இருக்கிறேன். பாதையை அகலமாகப் போடு." அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

கிழக்கே முட்புதரை வெட்டிப் பாதை போட்டார்கள். வெட்டியவர்களில் முதல் ஆள் துடியன். நாணல் குளத்திலிருந்து வட்டக்கொம்பியின் சித்தி பெண்கள் எட்டுப் பேரும் வந்து சேர்ந்தார்கள். வரிசை குறைந்தது. கைகள் உள்ளவர்களுக்கு மட்டும், காற்றில்லாத நேரத்தில் மட்டும், கூடைகள் ஓடின. இப்போது துடியன் ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்கிறான்: "உங்களுக்கு இது சரிப்படுமா? பயமாக இருக்கிறதா? சொல்லுங்கள், காத்திருக்கலாம்." சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அவன் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஒவ்வொரு பங்குனியிலும் ஏழு காடுகளுக்கும் அழைப்பு போகிறது. ஆறு காடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மருதங்காட்டிலிருந்து மட்டும் ஒரு மானும் வருவதில்லை. தும்பி நொண்டி நொண்டி நடக்கிறாளாம். பறந்து வந்த கொக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனது. அந்தக் கால் சரியாகச் சேரவே இல்லை; வட்டக்கொம்பியும் திரும்பவில்லை.

பிறர் பாராட்ட வேண்டும் என்ற ஆசையில் அனுபவசாலியின் எச்சரிக்கையை மறைக்கிறவனால், பிறகு எவ்வளவு வருந்தினாலும் நடந்த கேட்டை மாற்ற முடியாது.